கல்லு மேடத்தின் குதிகால்

புதிதாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சிலர் சாமி படம் எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். சிலர் டி.வி. எவ்வளவு பெரிசு என்று பார்ப்பார்கள். கல்லு மேடம் தரையை மிதித்துப் பார்ப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது குதிகாலால் ஓங்கி ஒரு மிதி. அப்புறம் தலையைச் சாய்த்து, யாரோ பதில் சொல்லப்போகிற மாதிரி நிற்பார். வீட்டுக்காரர் பதறிவிடுவார்.

"என்னங்க மேடம், பூரானா?"

"இல்லீங்க. அடியில என்ன இருக்குன்னு பார்த்தேன்."

அதற்குப் பிறகுதான் காபி டம்ளரைக் கையில் வாங்குவார்.

தருமபுரியில் ஒரு கல்லூரியில் அவர் ஜியாலஜி பேராசிரியை. கல்லு மேடம் என்பது மாணவர்கள் வைத்த பெயர். அது அவருக்கும் தெரியும். போனை எடுத்தால் அவரே "கல்லு மேடம் பேசறேன்" என்பார். அவருடைய சொந்தப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் எங்கள் தெருவில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மொபெட்டின் முன்னால் ஒரு மஞ்சப்பை தொங்கும். அதற்குள் டிபன் பாக்ஸும் ஒரு சுத்தியலும் இருக்கும்.

நான் அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியார். வெயிலில் நின்று கத்திக் கத்தியே குரல் கரகரத்துப்போன ஆள். பொறுமை எனக்குக் கொஞ்சம் கம்மி என்று மல்லிகா சொல்வாள். மல்லிகா என் வீட்டுக்காரி, டெய்லர். டவுனில் லைன் வீட்டில் நாங்கள் ஒரு போர்ஷன், மேடம் அடுத்த போர்ஷன். நடுவில் ஒற்றைச் சுவர். இந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடும், அந்தப் பக்கம் சுத்தியல் டொக் டொக்கென்று கேட்கும். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

அவர் வீட்டில் கல் இல்லாத இடம் கிடையாது. ஃபிரிட்ஜ் மேல் கல், டி.வி. மேல் கல், சாமி அலமாரியில் விநாயகருக்குத் துணையாக இரண்டு கல். ஒரு நாள் மல்லிகா அவர் ஜன்னலில் கைக்கு அடக்கமாக இருந்த ஒன்றை எடுத்து வந்து இஞ்சி நசுக்கிவிட்டாள். மேடம் வந்து பார்த்தார். அவர் கல்லை வாங்கி மோந்து பார்த்தார்.

"மல்லிகா, இதுக்கு வயசு மனுசன் பொறக்கறதுக்கெல்லாம் முன்னாடி. இத்தினி காலம் சும்மா கெடந்துச்சு. இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வேலை பண்ணியிருக்கு."

அந்தக் கல் எங்கள் சமையலறையிலேயே தங்கிவிட்டது. இப்போதும் இஞ்சிக்கு அதுதான்.

அவருடைய அண்ணன் மகனுக்குப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பெண் பார்க்கப் போனோம். பக்கத்து வீட்டு உரிமையில் நாங்களும் வேனில் ஏறிக்கொண்டோம். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, பெண்ணும் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனது. மேடத்தைக் காணோம். தேடிக்கொண்டு போனால், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, சுற்றுச்சுவரிலிருந்து உருவிய ஒரு கல்லை நாக்கால் நக்கிக்கொண்டிருக்கிறார்! கல்லை ஈரமாக்கினால்தான் அதற்குள் இருக்கும் மணிகள் பளிச்சென்று தெரியுமாம். பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதெல்லாம் அவர் கண்ணில் படாது. பெண்ணின் பெரியப்பா என்னைத் தனியாக ஓரம் கட்டினார்.

"ஏனுங்க, மாப்பிள்ளையோட அத்தைக்கு ஒடம்புக்கு எதாச்சும்..."

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. அவங்க படிச்ச படிப்பு அப்படி."

"மாப்பிள்ளையும் அந்தப் படிப்புதானுங்களா?"

"சேச்சே! அவரு பேங்க்குங்க."

பெரியப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பெண் விழுந்து விழுந்து சிரித்துவிட்டது. சம்பந்தம் அந்தச் சிரிப்பிலேயே முடிந்தது என்பேன். கல்யாணத்தன்று பெண் வீட்டிலிருந்து வந்த சீர்த் தட்டு ஒன்றில் வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் நடுவில் அந்தச் சுவர்க் கல் மஞ்சள் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. மேடம் மற்றச் சீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் ஊர்க் கோட்டைக் கோயிலில் தொங்கும் தூண் இருக்கிறது. அடியில் துண்டை விட்டால் அந்தப் பக்கம் உருவி எடுக்கலாம். வெளியூரிலிருந்து சொந்தம் யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போய்த் துண்டை உருவிக் காட்டுவது எங்கள் வழக்கம். மொரப்பூரில் ரயில் இறங்கி வந்த என் மச்சானை அப்படிக் கூட்டிப்போனபோது மேடமும் வந்தார். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கால் மணியில் முடித்துக்கொண்டு பரோட்டா சாப்பிடப் போயிருப்போம்.

"எல்லாரும் தொங்கற தூணையே பாருங்க. தொங்காம நிக்குதே மத்த தூணெல்லாம், அதை எவன் பார்க்கறான்? இத்தினி கனத்தைத் தூக்கிக்கிட்டு இத்தினி காலமா எறங்காம நிக்குது. ஏன் நிக்குது? சொல்லுங்க தம்பி."

என் மச்சான் துண்டைப் பிடித்த கையோடு விழித்தான். "சாமி சக்திங்களா?"

"அடியில கல்லு. அதுவும் சாமிதான், போங்க."

பிறகு ஆரம்பித்தார். எங்கள் ஊருக்குத் தகடூர் என்று பேர் இருந்த காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ஒரு தலைநகரம். ராஜா வந்து கையைக் காட்டிய இடத்தில் ஊர் எழுந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். மேடம் சொல்வது வேறு. பூமிக்குள் கொதித்த குழம்பு பாறை வெடிப்பில் ஏறி உறைந்து, கறுப்புக் கல்லாகச் சுவர் மாதிரி நீளமாக ஓடுகிறது. அப்படிப்பட்ட சுவர்கள் இந்த ஜில்லா முழுக்க உண்டு. மேட்டில் தலை நீட்டும் அந்தக் கல்லின் மேல் கோட்டைச் சுவரை எழுப்பினால் அஸ்திவாரம் தனியாக வேண்டாம். பூமிக்குள் ஓடும் தண்ணீரையும் அந்தக் கல் அணை மாதிரி மறித்து நிறுத்தும். அந்தப் பக்கம் குளம் வெட்டினால் வற்றாது. எதிரி எத்தனை மாசம் வெளியே உட்கார்ந்திருந்தாலும் உள்ளே இருப்பவனுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கும்.

"இதெல்லாம் எழுதி வெச்சிருக்குதுங்களா மேடம்?" என்றான் மச்சான்.

"இல்ல. என் ஊகம்தான். தொல்லியல்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. நான் அவங்களை ஒத்துக்க மாட்டேன். சரியாப் போச்சு."

அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று நினைத்துவிடாதீர்கள். லைன் வீட்டு ஓனர் போர் போட இடம் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவரைக் கேட்டார். மேடம் கொல்லை முழுக்க நடந்தார், மிதித்தார், தலையைச் சாய்த்தார், முருங்கை மரத்தடியைக் காட்டினார். மரத்தை வெட்டினார்கள். போர் வண்டி வந்து பகல் முழுக்க ஓட்டியது. வெள்ளைப் புழுதி வந்துகொண்டே இருந்தது. கொடியில் காய்ந்த துணியெல்லாம் மாவில் புரட்டின மாதிரி ஆயிற்று. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஓனர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"கல்லு என்னா என் ஸ்டூடண்ட்டுங்களா, சொன்னதைக் கேக்க?" என்றார் மேடம். சொல்லிவிட்டு அவர்தான் முதலில் சிரித்தார். முருங்கைக்காய் சாம்பார் போனதுதான் எங்களுக்கு மிச்சம். மல்லிகா அதை ரொம்ப நாள் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் மனை விஷயத்தில் மேடம் வாயைத் திறந்தபோது அந்த வெள்ளைப் புழுதிதான் என் கண் முன்னால் நின்றது.

அதியமான்கோட்டைப் பக்கம் புதிதாகப் போட்ட ஒரு லே-அவுட்டில் மனை வாங்கியிருந்தோம். வீடு எனக்கு ஒரு பொருட்டில்லை. நான் மைதானத்திலேயே படுத்துத் தூங்குவேன். மல்லிகாவுக்குத்தான் வேண்டியிருந்தது. லைன் வீட்டில் அவள் மிஷின் இருந்தது நடைபாதையில். நான் உள்ளே வர வேண்டுமென்றால் அவள் எழுந்து ஸ்டூலை மடக்க வேண்டும். கறுப்புத் துணி தைக்க வேண்டுமென்றால் வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் ஊசி கோக்க வேண்டும். அளவு கொடுக்க வரும் பெண்கள் தெருவில் நிற்பார்கள். தனக்கென்று ஒரு தையல் ரூம், தெற்குப் பக்கம் பெரிய ஜன்னல், நின்றுகொண்டே வெட்டுகிற மேஜை. இதுதான் அவள் கேட்டது. அந்த ரூமைக் காக்கித் தாளில் தையல் சாக்பீஸால் வரைந்து பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பாள். அவள் அதற்குமேல் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

பூமி பூஜை போட்டு ஜே.சி.பி.யை இறக்கினோம். வடக்குப் பக்கம் தோண்ட ஆரம்பித்ததும் பல் கூசுகிற மாதிரி ஒரு கிறீச்சல். கறுப்புப் பாறை. டிரைவர் தலையை நீட்டினான்.

"சார், இங்க பக்கெட் எறங்காதுங்க. பாறை ஒடைக்கிற பிரேக்கர் வண்டிதான் வரணும்."

போச்சுடா என்று தலையில் கை வைத்தேன். நல்லவேளையாகத் தெற்குப் பக்கம் மண் பஞ்சு மாதிரி இருந்தது. பக்கெட் வைத்ததும் அள்ளிக்கொண்டு வந்தது. மேஸ்திரிக்கு ஒரே சந்தோஷம். "மண்ணுன்னா இதுதானுங்க மண்ணு! உங்க ராசி!" என்றார். எங்கள் பக்கம் அஸ்திவாரம் தோண்டும்போது பாறை வந்தால் துக்கம், மண் இளகினால் டீயும் வடையும். நானும் எல்லாருக்கும் வடை வாங்கி வரச் சொன்னேன்.

அப்போதுதான் மொபெட் வந்து நின்றது. மேடம் இறங்கி நேராகக் குழிப் பக்கம் போனார். வடக்குப் பாறையைத் தடவிக் கொடுத்தார், எச்சில் தொட்டுப் பார்த்தார், முகம் மலர்ந்தது. அப்படியே தெற்குக் குழிக்குள் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினார். அங்கே அவர் மிதித்தபோது சத்தமே வரவில்லை. கையை விட்டு அள்ளினார். கறுத்த சேறு, அதில் பானை ஓடு, சின்னச் சின்னதாக வெளுத்துப்போன நத்தைக் கூடு. அந்த மண்ணோடு மேலே ஏறி வந்தவரின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சார், இது அகழி."

"எது?"

"கோட்டையைச் சுத்தி வெட்டுன அகழி. கல்லு கெட்டியா இருந்த எடத்துல அவங்க செவுரு வெச்சாங்க. அதை ஒட்டி, கல்லு இத்துப்போயி தோண்ட ஈசியா இருந்த எடத்துல அகழி வெட்டுனாங்க. உங்க ஜே.சி.பி. டிரைவர் எந்தப் பக்கம் ஈசின்னு சொல்றாரோ அதையேதான் அன்னைக்கு கடப்பாரை புடிச்சவனும் சொல்லியிருப்பான். அப்புறம் அது தூர்ந்து, சேறும் குப்பையும் ரொம்பி, மனையாயிருச்சு. நீங்க கட்டுனா பாதி வூடு பாறை மேல நிக்கும், பாதி வூடு சேத்துல உக்காரும். நடுவுல பொளந்துக்கும்."

"அஸ்திவாரத்தைச் சுத்தி பெல்ட் கான்கிரீட் போட்டு இறுக்கிட்டா ஒன்னும் ஆவாதுங்க" என்றார் மேஸ்திரி, வடையைக் கடித்துக்கொண்டே.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மேடம், அவங்களுக்கு எதிரி வந்தான், அகழி வேணும். எனக்கு எவன் வரப்போறான்?"

"மழை வரும் சார். இங்க பழைய எதிரி அதுதான்."

"நீங்க சொன்ன எடத்துல போர் போட்டே புழுதிதான் வந்துச்சு!"

சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் அவர் கோபப்படவில்லை. "ஆமா, வந்துச்சு. தண்ணி கண்ணுக்குத் தெரியாது சார், ஊகம்தான் பண்ணணும். இது என் கையிலயே இருக்குதே" என்று சேற்றை நீட்டினார்.

மல்லிகா குழி ஓரத்துக்கு வந்தாள். தெற்குப் பக்கம் அவள் தையல் ரூம் வர வேண்டிய இடம். சுண்ணாம்புக் கோடு போட்ட அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விடுவிடுவென்று நடந்து போய் ஸ்கூட்டியில் உட்கார்ந்துகொண்டாள். வேலையை நிறுத்திவைத்தோம். அன்றிலிருந்து மல்லிகாவுக்கு ஒற்றைச் சுவரின் அந்தப் பக்கத்தோடு பேச்சு இல்லை. மேடம் ரசம் கொடுத்து அனுப்பினால் பாத்திரம் கழுவி வாசலில் வைக்கப்பட்டது. மேடமும் வீட்டுக்குள் சுத்தியல் தட்டுவதை நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்த டொக் டொக் இல்லாமல் வீடே என்னவோ மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மல்லிகா யாருடைய சுடிதாரையோ பிரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கையை நிறுத்தினாள்.

"ஏங்க, இங்க பாருங்க. காட்டனும் சில்க்கும் ஒன்னாச் சேர்த்துத் தைச்சிருக்காங்க. தைக்கிறப்ப ரெண்டும் ஒரே நீளம்தான். தண்ணியில போட்டதும் காட்டன் சுருங்கிருச்சு, சில்க்கு அப்படியே இருக்கு. தையல்தான் பிரியும். எவ்ளோ கெட்டி நூலு போட்டாலும் பிரியும்."

"அதுக்கென்ன இப்போ?"

"மேஸ்திரி சொல்ற பெல்ட்டு நூலுதானே?"

அவள் சுடிதாரைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த போர்ஷனுக்குப் போனாள். உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் பீரோவைத் திறந்து அந்தக் காக்கித் தாளைப் பிய்த்து எடுத்தாள். கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். தலைகீழாகப் புரட்டிப்போட்டு, பின்பக்கத்தில் மாடிப்படி வரைய ஆரம்பித்தாள்.

"மேல கட்டச் சொல்றாங்க மேடம். பாறை எத்தினி மாடி வேணும்னாலும் தாங்குமாம். பாதி மனையிலயே வூடு, மாடியில என் ரூம். தெக்குப் பாதி சும்மா கெடக்கட்டும்."

"அளவு குடுக்க வர்றவங்க மாடி ஏறுவாங்களா?"

"நல்லாத் தைச்சா ஏறுவாங்க."

அப்படித்தான் கட்டினோம். பிரேக்கர் வண்டி கறுப்புப் பாறையோடு மல்லுக்கட்டியதில் என் காது இன்னும் அடைத்த மாதிரி இருக்கிறது. பாதி மனையைச் சும்மா போட்டுவிட்டு ஒல்லியாக, உயரமாக நிற்கிற வீட்டைப் பார்த்து லே-அவுட்டே சிரித்தது. தீப்பெட்டியை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கிறது என்றார்கள். பக்கத்து மனைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னோம். "நமக்கு பெல்ட் இருக்குதுங்க சார்" என்று அவர் அகன்ற வீடாகக் கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு வந்த மேடம் பால் காய்ச்சுவதற்கு முன்னாலேயே ஹால் நடுவில் நின்று ஓங்கி ஒரு மிதி மிதித்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "நீங்க நடத்துங்க சாமி, நான் பார்த்துட்டேன்" என்றார் மேடம்.

பிறகு அவர் ரிட்டையர் ஆகி, ஓசூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அடுக்குமாடியில் நாலாவது மாடி. போனில் பேசும்போதெல்லாம் ஒரே புலம்பல். "மிதிச்சா கீழ் வூட்டுக்காரர் கத்தறாருங்க. கல்லுக்கு நடுவுல இருந்துட்டு இப்போ அந்தரத்துல தொங்கறேன். அந்தக் கோயில் தூணு மாதிரி."

ஓர் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்தால்கூடப் பரவாயில்லை, நாள் கணக்கில் ஊற்றியது. பக்கத்து வீட்டுச் சுவரில் கை நுழைகிற மாதிரி வெடிப்பு விட்டது. போர்டிகோ தனியாகச் சரிந்தது. அந்த மனிதர் மனைவி மக்களோடு குடை பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று நான் இழுத்துக்கொண்டு வந்தேன். ஆளுக்கு ஒரு சுக்குக் காபி கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுச் சுவர் ஒவ்வொன்றையும் கையால் தடவிக்கொண்டே போனேன். மூலை, நிலைப்படி, ஜன்னலடி. ஒரு மயிரிழை இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பி.டி. வாத்தியார் அழலாமா என்று மேலே ஏறிப்போனேன்.

மல்லிகா தையல் ரூம் ஜன்னலில் அசையாமல் நின்றிருந்தாள்.

"இங்க வாங்களேன்."

மழை கொஞ்சம் விட்டிருந்தது. கீழே எங்கள் காலி மனை பள்ளமாக இறங்கித் தண்ணீர் கட்டி நின்றது. அது அங்கேயே நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் கொல்லை, லே-அவுட் ரோடு, அந்தப் பக்கத்து வெற்று மனைகள் என்று ஒரே அகலத்தில், ஒரே வளைவாக, தூரத்தில் தெரிகிற பழைய கோட்டை மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு போனது. நாங்கள் வாங்கின மனை, நட்ட எல்லைக் கல், அடித்த பெயின்ட் எதையும் அது கண்டுகொள்ளவில்லை. அகழி அதன் இடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது. அதன் கரையில், கறுப்புப் பாறை மேல், எங்கள் தீப்பெட்டி வீடு.

மல்லிகா வீடியோ கால் போட்டாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மேடம் முகம் தெரிந்தது.

"என்ன மல்லிகா, மழை எப்படி இருக்கு அங்க?"

"மேடம், எதிரி வந்துட்டான்."

அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் குரல் இறங்கிப்போனது.

"எது வரைக்கும்மா வந்திருக்கான்?"

மல்லிகா போனைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பிடித்தாள். மெதுவாக, அந்த வளைவு முழுவதையும் காட்டினாள்.

"அகழி வரைக்கும்தான் மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார், புடவைத் தலைப்பால் துடைத்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். படம் ஆடியது. எழுந்து நிற்கிறார் என்று தெரிந்தது. அப்புறம் டொம்மென்று ஒரு சத்தம், எங்கள் போனே அதிர்கிற மாதிரி. உடனே அங்கே காலிங் பெல் விடாமல் அடித்தது. தங்கையின் குரல் கேட்டது: "அக்கா, கீழ் வூட்டுக்காரரு வந்து நிக்கறாரு! என்னன்னு சொல்றது?"

"அடியில யாரு இருக்காங்கன்னு பார்த்தேன்னு சொல்லுடி" என்றார் கல்லு மேடம்.